வீட்டுக் கூரையில் காற்றாலை: வாங்குவதற்கு முன் எதை அளந்து பார்க்க வேண்டும்?

மேல்மாடி எழுதியது:

எங்கள் வீடு மூன்று தளங்கள் கொண்டது. மொட்டை மாடியின் ஒரு பாதியில் ஏற்கெனவே சோலார் பேனல்கள் இருக்கின்றன. அவை இரவிலும், வானம் மூடிக் கிடக்கும் நாட்களிலும் பயன் தருவதில்லை என்பதால், மிச்சமுள்ள பாதியில் சிறிய காற்றாலை ஒன்றை நிறுவலாமா என்று யோசித்து வருகிறேன். ஒரு விற்பனையாளர் 2 மீட்டர் விட்டமுள்ள, '1 கிலோவாட்' என்று குறிக்கப்பட்ட சுழலியைப் பரிந்துரைத்திருக்கிறார். காற்று வரைபடத்தில் எங்கள் பகுதிக்கு 50 மீட்டர் உயரத்தில் சராசரியாக நொடிக்கு 6 மீட்டர் வேகம் காட்டப்படுகிறது. மாடியில் நின்றால் காற்று நன்றாகவே வீசுவதாகத் தோன்றுகிறது. இந்தக் காற்றாலை ஆண்டுக்கு எத்தனை யூனிட் தரும் என்பதையும், கட்டடம் அதைத் தாங்குமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுழலி எழுதியது:

முதலில் அந்த '1 கிலோவாட்' எந்தக் காற்று வேகத்துக்கு உரியது என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். சிறிய சுழலிகளில் பெரும்பாலும் நொடிக்கு 11 அல்லது 12 மீட்டர் வேகத்தில் கிடைக்கும் திறனையே பெயர்ப்பலகையில் எழுதுகிறார்கள். மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகக் காற்று அது. குடியிருப்புப் பகுதியின் கூரை மட்டத்தில் அப்படிப்பட்ட காற்று ஆண்டில் மிகச் சில மணி நேரங்களே வீசும்.

காற்றில் உள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். உங்கள் சுழலியையே எடுத்துக்கொள்வோம். 2 மீட்டர் விட்டத்துக்கு இறக்கைகள் சுற்றும் வட்டத்தின் பரப்பு 3.14 சதுர மீட்டர். நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் அந்த வட்டத்தின் வழியே ஏறத்தாழ 3,300 வாட் ஆற்றல் கடந்து செல்கிறது; அதில் 30 விழுக்காட்டைப் பிடித்தால் 1 கிலோவாட் கிடைக்கும். ஆகவே அவர் சொன்னது பொய்யான எண் அல்ல. ஆனால் அதே சுழலி 6 மீட்டர் வேகத்தில் சுமார் 125 வாட்டும், 4 மீட்டர் வேகத்தில் சுமார் 37 வாட்டும்தான் தரும். 3 மீட்டருக்குக் கீழே பெரும்பாலான சுழலிகள் மின்சாரம் தரத் தொடங்குவதே இல்லை.

இதைவிடச் சிறந்த இறக்கை வடிவமைப்பு வந்தால் நிலைமை மாறிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. காற்றிலிருந்து எடுக்கக்கூடிய ஆற்றலுக்கு 59.3 விழுக்காடு என்ற மேல் எல்லை இருப்பதை ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிறுவிவிட்டார். எனவே இயந்திரத்தை மேம்படுத்திப் பெறக்கூடியது அதிகபட்சம் இரு மடங்கு. நல்ல இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பெறக்கூடியதோ எட்டு மடங்கு, பத்து மடங்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

கொண்டல் எழுதியது:

நண்பர் சுழலி எழுதிய கணக்கை மறுக்கவில்லை. ஆனால் அதில் விடுபட்ட ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். காற்று எப்போதும் சராசரி வேகத்தில் வீசுவதில்லை. சராசரி 4 மீட்டர் உள்ள இடத்தில் சில மணி நேரம் 8 மீட்டராகவும் வீசும். அந்தச் சில மணி நேரங்களில் கிடைக்கும் மின்சாரம், மற்ற நேரங்களின் குறைவை ஓரளவு ஈடுகட்டிவிடும். மும்மடி விதி நமக்கு எதிராக மட்டுமின்றி, நமக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது. மேலும், சூரியன் இல்லாத நேரத்தில் வரும் ஒரு யூனிட்டின் மதிப்பு நண்பகலில் வரும் ஒரு யூனிட்டின் மதிப்புக்குச் சமமானது அல்ல, குறிப்பாகப் பேட்டரியை நம்பி இருப்பவர்களுக்கு. ஆகவே கூரைக் காற்றாலை என்ற எண்ணத்தையே ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சுழலி எழுதியது:

கொண்டல் சொல்வது சரியான திருத்தம். அதையும் கணக்கில் சேர்த்தே பார்ப்போம். காற்று வேகம் பரவியிருக்கும் விதத்துக்கு ராலே பரவல் என்ற வழக்கமான மாதிரியைக் கொண்டால், உண்மையான சராசரி ஆற்றல், சராசரி வேகத்தை மட்டும் மும்மடியாக்கிக் கிடைப்பதைப்போல் 1.91 மடங்கு இருக்கும். அப்படிக் கணக்கிட்டால், கூரையில் சராசரி 4 மீட்டர் காற்று இருந்தால் இந்தச் சுழலி இழப்புகள் போக ஆண்டுக்கு 400 முதல் 500 யூனிட் தரலாம். 3 மீட்டர் மட்டுமே இருந்தால் 150 முதல் 200 யூனிட். ஒப்பிட்டுப் பார்க்க, நல்ல வெயில் உள்ள இடத்தில் 1 கிலோவாட் சோலார் பேனல் ஆண்டுக்கு 1,200 முதல் 1,500 யூனிட் வரை தருகிறது.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். 50 மீட்டர் உயரத்தில் 6 மீட்டர் என்பது உங்கள் மாடியில் வீசும் காற்று அல்ல. மரமும் வீடும் இல்லாத திறந்த வெளியில், 10 மீட்டர் உயரத்துக்கு இறங்கும்போது வேகம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதிலேயே ஆற்றல் பாதியாகிவிடும். வீடுகள் நெருங்கிய பகுதியில் தரையின் உராய்வு மிக அதிகம் என்பதால், 6 மீட்டர் என்பது 3.4 மீட்டர் அளவுக்கு இறங்கிவிட வாய்ப்புண்டு. அப்போது எஞ்சும் ஆற்றல் வரைபடம் காட்டுவதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வரைபடத்தின் எண்ணை நேரடியாகப் பெருக்கிக் காட்டும் எந்த மதிப்பீட்டையும் ஏற்காதீர்கள்.

அளவுகோல் எழுதியது:

கணக்கு ஒருபுறம் இருக்கட்டும், அளந்து பார்த்தவர்களின் முடிவையும் இங்கே பதிவு செய்வது அவசியம். பிரிட்டனில் 2007, 2008 ஆண்டுகளில் 'வார்விக் காற்றுச் சோதனை' என்ற பெயரில் கட்டடங்களின் மீது பொருத்தப்பட்ட 26 சிறு காற்றாலைகளைத் தொடர்ந்து அளந்தார்கள். அவற்றில் தனி வீடுகளும் இருந்தன, உயரமான அடுக்குமாடிக் கட்டடங்களும் இருந்தன. முழுத் திறனில் இடைவிடாமல் ஓடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய மின்சாரத்தில் சராசரியாக 0.85 விழுக்காடு மட்டுமே கிடைத்தது. பழுதாலோ புகாராலோ நிறுத்தி வைக்கப்பட்ட நேரங்களைக் கழித்துப் பார்த்தாலும் அது 4.15 விழுக்காட்டைத் தாண்டவில்லை. உலகிலேயே காற்று வளம் மிகுந்த நாடுகளில் ஒன்றில் கிடைத்த முடிவு இது என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த அறிக்கையில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது 'நிறுத்தி வைக்கப்பட்ட நேரம்' என்ற பகுதிதான். நல்ல காற்று கிடைத்த உயரமான கட்டடங்களில், குடியிருப்போர் சத்தம் தாங்காமல் முறையிட்டதால் சுழலிகளை நிறுத்த நேர்ந்தது. காற்று இருந்த இடத்தில் மனிதர்களுக்கு இடைஞ்சல். இடைஞ்சல் இல்லாத இடத்தில் காற்று இல்லை.

மேல்மாடி எழுதியது:

இந்த எண்களைப் பார்த்துச் சற்றுத் திகைப்பாகத்தான் இருக்கிறது. செங்குத்து அச்சுச் சுழலிகள் எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் சுழலும் என்றும், அதனால் அவை கூரைக்கு ஏற்றவை என்றும் விளம்பரங்களில் படித்தேன். அதில் உண்மை உண்டா? கட்டட வலிமை குறித்தும் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

அச்சாணி எழுதியது:

நான் சிறு காற்றாலைகளைப் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன் என்பதால், செங்குத்து அச்சு வகைகள் பற்றி என் கையில் பட்டவற்றைச் சொல்கிறேன். அவற்றில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பிளந்த உருளையின் இரு பாதிகளைப் போல இருக்கும் சவோனியஸ் வகை, காற்று தள்ளுவதால் சுழல்வது. உறுதியானது, மெதுவாகச் சுழல்வது, ஆனால் காற்றின் ஆற்றலில் 15 முதல் 20 விழுக்காட்டுக்கு மேல் எடுப்பது அரிது. டாரியஸ் வகை, விமான இறக்கையைப் போன்ற மெல்லிய இறக்கைகளால் சுழல்வது. திறன் கூடுதல், ஆனால் பல வடிவங்கள் தாமாகச் சுழலத் தொடங்கச் சிரமப்படும்.

திசை மாறும் காற்றுக்கு அவை பொருந்தும் என்பது உண்மைதான். அதனால் காற்றின் அளவு கூடிவிடாது என்பதைத்தான் விளம்பரம் சொல்லாமல் விடுகிறது. இறக்கைகளின் சோர்வு இன்னொரு சிக்கல். டாரியஸ் வகையில் ஒவ்வொரு சுற்றிலும் இறக்கையின் மீதான விசை ஒருமுறை உள்நோக்கியும் ஒருமுறை வெளிநோக்கியும் மாறுகிறது. நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 18,000 முறை இறக்கை இப்படி வளைந்து நிமிர்கிறது. பற்றவைப்பு விரிசல்களும் தளர்ந்த போல்ட்டுகளும் நான் அடிக்கடி காண்பவை. கிடைமட்ட அச்சுச் சுழலியிலும் கூரையின் கொந்தளிப்பான காற்று, திசை திருப்பும் வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருப்பதால் பேரிங்குகள் விரைவில் தேய்கின்றன. இரண்டில் எதை வாங்கினாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது கம்பத்தைச் சாய்த்துச் சோதிக்கும் வசதி இல்லாவிட்டால் வாங்காதீர்கள். கம்பத்தின் அடியில் கீல் வைத்துச் சாய்க்கும்படி அமைப்பது ஒன்றும் கடினமான வேலை அல்ல.

இங்கே இதுவரை யாரும் குறிப்பிடாத ஒன்று இருக்கிறது, அதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். சோலார் பேனலின் இணைப்பைத் துண்டித்தால் அது அமைதியாக வெயிலில் கிடக்கும். காற்றாலை அப்படியல்ல. மின்வெட்டு ஏற்பட்டு இன்வெர்ட்டர் நின்றுவிட்டால், சுழலியின் மீதிருந்த சுமை முழுவதும் நீங்கிவிடுகிறது. காற்று மட்டும் நிற்பதில்லை. சுமையில்லாத சுழலி வேகம் கூடிக்கொண்டே போய் இறக்கைகளைச் சிதறவிடக்கூடும். ஆகவே, மின்சாரத்தை வெப்பமாக்கி வீணடிக்கும் மாற்றுச் சுமையும், மின்னாக்கியின் முனைகளை ஒன்றோடொன்று இணைத்து (ஷார்ட் செய்து) நிறுத்தும் பிரேக்கும், அவை இரண்டும் செயல்படாவிட்டால் காற்றிலிருந்து இறக்கையைத் தானாகத் திருப்பிக்கொள்ளும் இயந்திர அமைப்பும் இருக்க வேண்டும். புயல் அடிக்கும்போதுதான் மின்வெட்டும் வரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இந்த மூன்றும் உண்டா என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் தராத விற்பனையாளரிடம் வாங்கவே கூடாது.

கட்டுமானம் எழுதியது:

கட்டடப் பொறியாளர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். சுழலியின் எடை பெரிதல்ல. எடையைப் பார்த்து 'எங்கள் மாடி தாங்கும்' என்று முடிவு செய்வதுதான் பிழை. பக்கவாட்டில் காற்று தள்ளும் விசையையே கணக்கிட வேண்டும். மேலே சொன்ன 2 மீட்டர் சுழலி, நொடிக்கு 30 மீட்டர் புயற்காற்றில் பிரேக் இல்லாமல் சுழன்றுகொண்டிருந்தால், அதன் மீது ஏறத்தாழ 140 கிலோ எடைக்குச் சமமான விசை பக்கவாட்டில் செயல்படும். அது 3 மீட்டர் கம்பத்தின் உச்சியில் இருந்துகொண்டு அடித்தளத்தைப் புரட்ட முயலும். கைப்பிடிச் சுவர் அந்தச் சுமைக்காகக் கட்டப்பட்டதே அல்ல. புகைபோக்கியிலோ, கைப்பிடிச் சுவரிலோ, தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டிலோ பொருத்துவதாகச் சொல்பவர்களை உடனே மறுத்துவிடுங்கள். தளத்தின் கீழே தூணோ உத்தரமோ உள்ள புள்ளிகளில் மட்டுமே கம்பத்தின் அடித்தட்டையும் இழுகம்பிகளையும் நிறுத்த வேண்டும். அப்படிச் செய்யும்போதும் துளையிட்ட இடங்களில் நீர்க்கசிவுத் தடுப்பைப் புதிதாகச் செய்தாக வேண்டும்.

அதிர்வு இதைவிடச் சிக்கலானது. மூன்று இறக்கைகள் நிமிடத்துக்கு 400 முறை சுழன்றால், இறக்கைகள் கம்பத்தைக் கடந்து செல்லும் துடிப்பு நொடிக்கு 20 முறை நிகழும். காற்றின் வேகம் கூடக் குறைய அந்தத் துடிப்பும் மாறிக்கொண்டே இருக்கும். வீட்டின் தளங்களுக்கும் கம்பத்துக்கும் அவற்றுக்கே உரிய இயல்பான அதிர்வெண்கள் உண்டு. மாறிக்கொண்டே இருக்கும் துடிப்பு எப்போதாவது அவற்றில் ஒன்றோடு ஒத்துப்போகாமல் இருக்காது. அந்த நேரத்தில் வீட்டுக்குள் படுத்திருப்பவர்களுக்கு ஒரு முரலொலி கேட்கும். ரப்பர் தாங்கிகள் உயர் அதிர்வெண்களைத் தடுக்கின்றன. இத்தகைய தாழ்ந்த அதிர்வெண்களை அவை பெரும்பாலும் அப்படியே கடத்திவிடுகின்றன.

கொண்டல் எழுதியது:

நண்பர்கள் எழுதியதெல்லாம் தனி வீடுகளுக்குப் பொருந்தலாம். ஆனால் பஹ்ரைன் உலக வர்த்தக மையத்தைப் பாருங்கள். 2008-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த இரட்டைக் கோபுரங்களுக்கு இடையே 29 மீட்டர் விட்டமுள்ள மூன்று காற்றாலைகள் இருக்கின்றன. கட்டடத்தோடு காற்றாலையை இணைக்க முடியும் என்பதற்கு அது சான்றில்லையா?

அளவுகோல் எழுதியது:

சான்றுதான், ஆனால் எதற்குச் சான்று என்று பார்க்க வேண்டும். அங்கே இரு கோபுரங்களின் வடிவத்தையே கடற்காற்றைக் குவித்து நடுவே செலுத்தும்படி வடிவமைத்தார்கள். கட்டி முடித்த கூரையில் பிறகு கொண்டுபோய்ப் பொருத்தவில்லை. லண்டனில் 2010-இல் முடிந்த ஸ்ட்ராட்டா என்ற உயர்ந்த கட்டடத்தின் உச்சியிலும், வடிவமைப்பிலேயே சேர்த்து, மூன்று சுழலிகளை வைத்தார்கள். அவை பெரும்பாலான நேரம் அசையாமல் நிற்பது பரவலாகச் செய்தியானது. பொறியாளர்கள் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டுச் செய்த இடங்களிலேயே முடிவு இப்படி மாறுபடுகிறதென்றால், வாங்கிவந்து மாடியில் நிறுத்தும் சுழலியைப் பற்றி அளக்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அச்சாணி எழுதியது:

காற்றாலை நன்றாக வேலை செய்யும் வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவற்றில் எதிலும் சுழலி கூரையில் இல்லை; வீட்டிலிருந்து தள்ளி, திறந்த நிலத்தில், தனிக் கம்பத்தின் மேல் இருந்தது. சுற்றிலும் 150 மீட்டருக்குள் உள்ள எந்த மரத்தையும் கட்டடத்தையும் விட இறக்கையின் கீழ்முனை குறைந்தது 9 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இத்துறையில் வெகுகாலமாகப் பின்பற்றப்படும் விதி. மின்கம்பி எட்டாத மலைக்குடில்கள், தொலைத்தொடர்புக் கோபுரங்கள், பாய்மரப் படகுகள் போன்றவற்றில் சில பத்து வாட் கூட மதிப்பு வாய்ந்தது. அங்கே சோலார் பேனலும் சிறு சுழலியும் ஒரே பேட்டரியை நிரப்புவது நல்ல ஏற்பாடு. கொண்டல் சொன்ன வாதம் அங்கே முழுமையாகப் பொருந்துகிறது.

மேல்மாடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாங்கும் முடிவைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் காற்றுவேகமானி ஒன்றை நிறுத்தலாம் என்று எண்ணுகிறேன். அதை எங்கே, எவ்வளவு உயரத்தில், எவ்வளவு காலம் வைக்க வேண்டும்? மாடியில் காற்று பலமாகப் படுவது முன்பக்கக் கைப்பிடிச் சுவரின் அருகில்தான். அங்கே வைக்கலாமா?

கொண்டல் எழுதியது:

நல்ல முடிவு. அளந்த பிறகு சராசரி 5 மீட்டருக்கு மேல் வந்தால் நானே முன்னின்று காற்றாலையைப் பரிந்துரைப்பேன். வராவிட்டால், அந்தப் பணத்தில் கூடுதல் பேட்டரி வாங்குவதே மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அளவுகோல் எழுதியது:

முன்பக்கக் கைப்பிடிச் சுவரின் அருகில் வைக்க வேண்டாம். ஆற்று நீர் ஒரு பாறையின் விளிம்பைக் கடக்கும்போது அதன் பின்னே சுழித்துக்கொள்வதைப்போல, காற்றும் கட்டடத்தின் முன்விளிம்பில் மோதி மேலெழும்பி, தளத்தின் மேல் ஒரு சுழல் படலத்தை உண்டாக்குகிறது. அந்தப் படலத்துக்குள் காற்று திசை மாறி மாறி அடிக்கும். நம் முகத்தில் பலமாகப் படுவதால் அது பயனுள்ள காற்று என்று தோன்றும். படலத்துக்கு மேலே உள்ள சீரான காற்றையே அளக்க வேண்டும். ஆகவே, சுழலியின் நடுப்பகுதி எந்த உயரத்தில் அமையுமோ, அதே உயரத்தில், அதே இடத்தில் மானியை நிறுத்துங்கள். முடிந்தால் ஒரே கம்பத்தில் இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு மானிகளை வையுங்கள். மேலுள்ளது கீழுள்ளதைவிடக் கணிசமாகக் கூடுதல் வேகம் காட்டினால், கம்பத்தை இன்னும் உயர்த்த வேண்டும் என்று பொருள்.

கருவி தானாகப் பதிவு செய்யும் வகையாக இருக்கட்டும். பத்து நிமிடச் சராசரியையும் அந்தப் பத்து நிமிடங்களுக்குள் வேகம் எவ்வளவு ஏறி இறங்கியது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். காற்று பருவத்துக்குப் பருவம் மாறுவதால் ஓர் ஆண்டு அளப்பதே முறை. அவ்வளவு காத்திருக்க இயலாவிட்டால், மூன்று நான்கு மாதங்கள் அளந்து, அதே மாதங்களில் அருகிலுள்ள வானிலை நிலையம் பதிவு செய்த வேகத்தோடு ஒப்பிட்டு, அந்த விகிதத்தைக் கொண்டு நிலையத்தின் பல ஆண்டுப் பதிவிலிருந்து உங்கள் மாடியின் ஆண்டுச் சராசரியை மதிப்பிடலாம். ஆனால் அந்த மாதங்கள் காற்றுக்காலத்தில் மட்டும் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

சுழலி எழுதியது:

அளந்து முடித்ததும் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கிட வேண்டாம். ஒவ்வொரு வேகத்திலும் எத்தனை மணி நேரம் காற்று வீசியது என்று பிரித்து, விற்பனையாளர் தரும் திறன் வரைகோட்டில் (எந்த வேகத்தில் எத்தனை வாட் என்று காட்டும் வரைபடம்) அந்தந்த வேகத்துக்குரிய வாட்டால் பெருக்கிக் கூட்டுங்கள். அந்த வரைகோடு தனிப்பட்ட ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். சிறு காற்றாலைகளுக்கென ஐஇசி 61400-2 என்ற பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. அமெரிக்காவில் 2009-இல் வந்த தரநிலை, சுழலியின் திறனை 11 மீட்டர் வேகத்திலும், ஆண்டு உற்பத்தியை 5 மீட்டர் சராசரியிலும் குறிக்க வேண்டும் என்று வகுத்தது. அந்த இரண்டு எண்களையும் தரக்கூடிய சுழலிகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

கிடைக்கும் கூட்டுத்தொகையிலிருந்து இன்வெர்ட்டர் தானே உண்ணும் மின்சாரத்தைக் கழிக்க மறக்காதீர்கள். இன்வெர்ட்டர் இடைவிடாது 5 வாட் எடுத்தால்கூட ஆண்டுக்கு 44 யூனிட் ஆகிறது. சோலாருக்கு அது ஒரு பொருட்டல்ல. ஆண்டுக்கு 150 யூனிட் தரும் கூரைச் சுழலிக்கு அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.